வலது பெட்டி

ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு
மண்டபம் தொடங்கி மரைக்காயர்பட்டினம் வரை
மூன்று தரம் சொல்லிவிட்டேன்:
"சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்த கோல்
ஒருவர் கையில் இருந்தால்
பார்வையும் இல்லை, கேள்வியும் இல்லை என்று அர்த்தம்.
ஹாரன் அடிக்காதீர்கள். வண்டியை நிறுத்துங்கள்."
எழுதிக் கொடுத்ததை வாசித்தேன், அவ்வளவுதான்.
அதுவரை அந்தக் கோலை
ரயில்வே கேட்டுக் கம்பு போட்ட குட்டி என்று நினைத்திருந்தவன் நான்.

தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க
ஏலக்கொட்டகையில் நல்ல கூட்டம்.
தூணிலிருந்து கரையேற்றிய வள்ளம் வரைக்கும்
நைலான் கயிறு.
கண்ணைக் கட்டி, காதில் பஞ்சு அடைத்து,
பஞ்சின் மேல் ஒரு மூடி.
கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டும்.

ஐஸ் கம்பெனிக் கணக்கர் நடந்தார்.
கான்ஸ்டபிள் ஒருவர், தொப்பியைக் கொடுத்துவிட்டு.
தினமும் இந்தக் கூரை அதிர ஏலம் கூவுகிற சந்தியாகு
நாலாவது எட்டில் உட்கார்ந்துவிட்டார்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"மைக் செட்டு, நீயும் வா."

பதினெட்டு வருஷத்தில்
என் மைக் எனக்கே கேட்காமல் போனது அன்றுதான்.
பாதி வழியில் கயிறு தளர்ந்தது,
மறுமுனையை விட்டார்களா
நான்தான் தளர்ந்தேனா.
இடப்பக்கம் கருவாட்டு வாடை.
அப்படியென்றால் கடல் எந்தப் பக்கம்?
தண்ணீர் எந்தப் பக்கம்?

முழங்கையில் ஒரு கை.
இறங்கி வந்து என் கைக்கு அடியில் நின்றது.
விரலுக்கு விரல் துணி சுற்றிய கை.
இழுக்கவில்லை. தள்ளவில்லை.
அடியிலேயே இருந்தது,
நான் கனத்தை இறக்கும் வரை.

கட்டை அவிழ்த்துப் பார்த்தால் சலேத்.
தோணித்துறையில் மிதவையில் பாசி கட்டுகிறவள்.
பிறக்கும்போதே காது இல்லை.
கண், ஒன்பதாம் வகுப்பில் குறுகத் தொடங்கி
வளையலுக்குள் தெரிந்த உலகம்
மோதிரத்துக்குள் போய்
ஊசிக்காதுக்குள் போய்
போன வருஷம் நூலும் அறுந்தது.
பக்கத்தில் பெரியப்பா மகன் நெவிஸ்,
கேட்பதையெல்லாம் அவள் கையில் விரலால் போடுகிறவன்.

அதிகாரி நாற்பது நிமிஷம் பேசினார்.
சலேத்தின் உள்ளங்கையில்
அது இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.
மீதி நேரம் அவனும் அவளும்
எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
பொறாமையாக இருந்தது.

பேச்சு முடிந்து பாட்டுப் போட்டேன்.
வந்தாள்.
இடது பெட்டியில் இரண்டு உள்ளங்கையும் வைத்து நின்றாள்.
வலது பெட்டிக்குப் போனாள்.
திரும்ப இடது.
திரும்ப வலது, இந்தத் தரம் கன்னத்தையும் வைத்து.
நெவிஸ் அவள் விரலைப் பார்த்துவிட்டுச் சொன்னான்,
"அண்ணே, வலது பெட்டி கிழிஞ்சிருக்காம்."

மைக்கில் சொன்னான், பாவி.

சந்தனக்கூடு, மாதா சப்பரம், மூன்று காதுகுத்து:
கிழிந்த பெட்டியோடு
முழு வாடகை வாங்கியிருந்தேன்.
காதுள்ள ஊர் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

கிளம்பும்போது எனக்கு ஒரு பெயர் வைத்தாள்.
வாயால் சொல்ல முடியாத பெயர்:
மணிக்கட்டின் உள்பக்கம் கட்டைவிரலை வைத்து
கொஞ்சம் நடுக்கி, சட்டென்று எடுப்பது.
கிழிந்த பெட்டி.

ஒரு வியாழக்கிழமை
கேம்ப் பேருந்து நிறுத்தத்தில் அந்தக் கோல்.
பேருந்து, லாரி, ஐஸ் வண்டி எல்லாம்
வழக்கம்போல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.
என்னுடைய மூன்று தர அறிவிப்பின் லட்சணம்.

கிட்டே போய், அவள் கைக்கு அடியில் கை வைத்து
என் பெயரைச் சொல்ல ஆயத்தமாவதற்குள்
அவளே என் மணிக்கட்டில் அதைச் சொல்லிவிட்டாள்.
சட்டையில் ஈயம் உருக்கிய வாடை அடிக்குமாம்.
பிறகு, விரல்களால்
கிழிசலைத் தைப்பதுபோல் ஒரு கேள்வி.

எனக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை.
ஒரு தட்டு, ஆமாம்.
இரண்டு தட்டு, இல்லை.

ஒரு தட்டுத் தட்டினேன்.
கை அடியிலேயே இருந்தது.
இன்னொன்று தட்டினேன்.